கப்பல் பதிவேட்டில் காளை

ஈப்போ,
4 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் அழுதே தீர்க்கிறேன் என்று உங்கள் திவ்யா கிண்டல் செய்கிறாள். அதனால்தான் கடிதம்.

என் அப்பாவழித் தாத்தா மலாயாவுக்கு வந்த கப்பலின் பதிவேட்டு நகல் கிடைத்துவிட்டது, அண்ணே! காளை, தகப்பன் உக்கிரபாண்டி, வயது பத்தொன்பது, உங்கள் ஊர், 1926. உங்கள் தாத்தாவின் தம்பியேதான். கூடப்பிறப்பு இல்லாத எனக்கு ஐம்பத்தெட்டு வயதில் அண்ணன்! ஒருவரையொருவர் விரும்பும் என் மகன் பாண்டியராஜனும் உங்கள் மகள் திவ்யாவும் அத்தை மகன், மாமன் மகள். இனி யார் என்ன சொல்ல முடியும்? மாசியில் பரிசம் போட வருகிறேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
சரண்யாதேவி

நாகமலை புதுக்கோட்டை,
19 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

எனக்குத் தலை சுற்றுகிறது. திவ்யா நகலை வாசித்தாள். 'அடையாளம்: இடது கையில் கட்டைவிரல் இல்லை' என்று இருக்கிறதாம். பக்கத்தில் இருந்த, என் அப்பாவோடு பிறந்த செல்லத்தாய் அத்தை, "காளைச் சித்தப்பாவுக்கு வெரலு நல்லாத்தேன் இருந்துச்சுன்னு எங்காத்தா சொல்லும். கரும்பாலைல வெரலக் குடுத்தது எங்காத்தா கூடப்பொறந்த மாயாண்டி மாமன். ரெண்டு பேருந்தேன் ஒண்ணாக் கப்பலுக்குப் போனாக, ஒருத்தரும் திரும்பல" என்கிறது.

காளை பெயரில் மாயாண்டி கப்பல் ஏறினாரா? அப்படியானால் காளை என்ன ஆனார்? ஒன்றும் விளங்கவில்லை. நீ என் அப்பத்தா கூடப்பிறந்த மாயாண்டியின் பேத்தி என்றால் எனக்குத் தங்கச்சி இல்லை, முறைப்பெண். உன் பிள்ளையும் என் பிள்ளையும் அண்ணன் தங்கச்சி முறையாகிவிடும். அட ஆண்டவனே! எழுதியவன் தப்பாக எழுதியிருப்பான். நீ தாத்தாவோடு வளர்ந்தவள். விரல் இருந்தது என்று ஒரு வரி எழுது. பரிசச் சேலைகூட எடுத்தாயிற்று.

அண்ணன்,
அழகுராஜா

10 பிப்ரவரி 2025

தங்கச்சி,

கடிதமும் இல்லை, போனும் எடுக்க மாட்டேன் என்கிறாய். திவ்யா சரியாகச் சாப்பிடுவதில்லை. பங்காளிகள் வாசலில் வந்து கேட்கிறார்கள். ஒரே ஒரு வரி. அத்தை வாயை நான் அடைத்துவிடுகிறேன்.

அழகுராஜா

ஈப்போ,
20 பிப்ரவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

மூன்று தரம் 'அண்ணனுக்கு' என்று எழுதிக் கிழித்துப் போட்டேன்.

தாத்தாதான் எனக்குச் சடை பின்னுவார். இடது கையில் கட்டைவிரல் இல்லாததால் பின்னல் நழுவும். திட்டிக்கொண்டே மறுபடி பின்னுவார். இங்கே ரப்பர் மரம் சீவும்போது கத்தி பட்டுப் போனது என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். நகலில் அந்த அடையாளத்தைப் பார்த்ததும், தாத்தாவேதான் என்று சந்தோஷப்பட்டேன். கப்பல் ஏறும் முன்பே விரல் இல்லை என்பது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை, பாருங்கள்.

ஐம்பது வருடம் காளை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாரே! ஏன் சொல்லவில்லை? நான் யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுதியிருக்கலாம். கை வரவில்லை.

பாண்டியராஜனிடம் சொன்னேன். "நூறு வருசத்துக்கு முந்தி யாரோ கப்பல் ஏறினதுக்கு நான் என்னம்மா செய்வேன்?" என்றான்.

சேலையைத் திவ்யாவே கட்டிக்கொள்ளட்டும். அவனை அண்ணன் என்று கூப்பிடச் சொல்லி மட்டும் அவளை யாரும் வற்புறுத்தாதீர்கள்.

சரண்யாதேவி