கேட்டில் யாராவது கூப்பிட்டால்

12 ஜூன், வியாழன், இரவு

கோலா பிலா டவுன் கடையில் ஒரே விலையில் இரண்டு ஹெட்போன்களை மாட்டிப் பார்த்தேன். முதலாவது காதை மெத்தென்று மூடியது. பாட்டில் தபேலா தனியாகக் கேட்டது.

"இத போட்டா வெளிய உள்ள சத்தமே கேக்காது லா, அங்கிள்," என்றாள் கடைப்பெண்.

"கேட்ல நின்னு யாராச்சும் கூப்ட்டா?"

"வீட்ல ஆளுங்க இருப்பாங்கதானே?"

"இருக்காங்க," என்றேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது.

வெளிச்சத்தம் கேட்கும் மற்றதையே வாங்கினேன். காதை அழுத்துகிறது, பாட்டும் சப்பென்று இருக்கிறது. எங்கள் எஸ்டேட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. கேட்டில் நின்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டாரும் நீலாய் டவுனுக்குக் குடிபோனபின் இந்த வீட்டு வரிசையில் நான் மட்டும்தான்.

சாயங்காலத்திலிருந்து மாட்டியிருக்கிறேன். ரொட்டிக்காரனின் மோட்டார் சைக்கிள் ஹார்ன் தெளிவாகக் கேட்டது. நிற்காமல் போன சத்தமும் கேட்டது.