நோன்பு நாளில் தின்ற போரெக்

தம்மூஸ் மாதம் 5, திங்கள்

சனிக்கிழமை ஓய்வுநாள், யூதன் பேனாவைத் தொடக் கூடாது. நேற்று தொட்டிருக்கலாம், ஆனால் வயிற்றெரிச்சலில் கை ஓடவில்லை. விஷயம் இதுதான்: முந்தாநாள் ஷெமாயா பர்சிலாய் பிரசங்கம் செய்தான். சரயேவோவிலிருந்து எங்கள் சலோனிக்காவுக்கு வந்து ஆறு மாதம் ஆகவில்லை. முப்பது வயதுப் பொடியன். தொழுகைக்கூடத்துப் பெண்கள் மாடத்தில் ஒரே அழுகை. எங்கள் சபைத் தலைவர் பொத்தோன், கம்பளி விலை விழுந்தால் மட்டும் அழுகிறவர். அவரும் மூக்கைச் சிந்தினார்.

என் பிரசங்கத்திலும் பெண்கள் மாடத்திலிருந்து சத்தம் வரும். பேச்சுச் சத்தம்.

"அப்படி என்னத்தச் சொல்லிட்டான்?" என்று வீட்டில் ரெய்னாவிடம் கேட்டேன்.

"என்ன சொன்னார்னு ஞாபகமில்லீங்க. ஆனா அந்தக் குரல்!"

என்னோடு கால் நூற்றாண்டு குடித்தனம் நடத்தியவள் பேசுகிற பேச்சு.

தம்மூஸ் 11, ஞாயிறு

எங்கள் பெரிய ரபி, சபையின் தலைமைக் குரு, எருசலேமில்தான் சாக வேண்டும் என்று கப்பல் ஏறப் போகிறார். அவர் நாற்காலி காலி. ஆவ் மாத நோன்பு முடிந்ததும் ஏழு தலைவர்கள் கூடி முடிவு செய்வார்களாம். நானா, ஷெமாயாவா.

இருபது வருடமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், இந்த எலியேசர் கப்பூத்தோ. என் முதுகைக் கேட்டால் தெரியும்.

தம்மூஸ் 20, செவ்வாய்

இந்த வருடம் ஆவ் ஒன்பது சனிக்கிழமையில் விழுகிறது. ஓய்வுநாளில் துக்கம் கூடாது என்பதால், எருசலேம் கோவில் இடிந்ததற்கான நோன்பு ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போன நோன்பின் சட்டங்களை இன்று பாடமாக நடத்தினேன். வந்தவர்கள் எட்டுப் பேர். ஐந்து பேர் தூங்கினார்கள், இரண்டு பேர் ஆட்டு விலை பேசினார்கள். எட்டாவது ஆள் ஷெமாயா. கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தான். என் பிழைகளைப் பொறுக்குகிறான், வேறென்ன?

நடுவில் ஒரு வேடிக்கை சொன்னேன். அவன் மட்டும் சிரித்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆவ் 4, திங்கள்

எங்கள் முற்றத்தில் எதிர்வீட்டு நிசிமுக்கு நேற்று ஆண் குழந்தை. எட்டாம் நாள் விருத்தசேதனம். நோன்பன்றுதான் வருகிறது, ஆனாலும் தள்ளிப்போட முடியாது. குழந்தையை மடியில் ஏந்துகிற மரியாதை எனக்குத்தான். ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறோம், வேறு யாரைக் கூப்பிடுவான்? தாடியைச் சீவிப் பார்த்துக்கொண்டேன்.

ஆவ் 6, புதன்

மடியில் ஏந்த நிசிம் ஷெமாயாவைக் கூப்பிட்டிருக்கிறான்.

ஆவ் 11, திங்கள், காலை

நேற்று நோன்பு. காலையில் எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டது கேட்டது. தலைவலி என்று சொல்லியனுப்பிவிட்டு நான் போகவில்லை.

பிற்பகல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நேரம். காற்றுக்காக ஜன்னலைத் திறந்தேன் — நிசிம் வீட்டு ஜன்னலில் ஷெமாயா. கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட போரெக் பலகாரம். தின்கிறான்! தாடியில் எண்ணெய் மின்னுகிறது. தின்று முடித்து இன்னொன்றை எடுக்கிறான்!

இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இஸ்மீரில் ஒருவன் தன்னை மேசியா என்று சொல்லிக் கிளம்பி, கடைசியில் சுல்தானுக்குப் பயந்து தலைப்பாகை கட்டி முஸ்லிமானான். (அவனை நம்பி எருசலேமுக்குப் புறப்பட மெத்தையை விற்றவர்களில் நானும் ஒருவன். ஒரு வருடம் தரையில் படுத்தேன்.) அவன் செத்த பிறகும் அவனை விடாத கூட்டம், இந்த நோன்பு நாளை அவன் பிறந்த நாள் என்று ரகசியமாகத் தின்று கொண்டாடுகிறது. ஆக, இவனும் அந்தக் கூட்டம்!

நோன்பன்று தோல் செருப்பு கூடாது. துணிச் செருப்பிலேயே பொத்தோன் வீட்டுக்கு ஓடினேன். இந்த உடம்பு ஓடியதைத் தெருவே பார்த்தது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "மெதுவாப் பேசுங்க ரபி. போன வருஷம் எங்க அக்கா குடும்பமே தலைப்பாகை கட்டிக்கிச்சு. இப்ப நம்ம பிரசங்க மேடையிலயுமா?" இன்று மாலை விசாரணை. நிரூபணமானால் சபையிலிருந்து விலக்கு.

ரெய்னாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அவன் பொண்டாட்டிக்கு நிறைமாசம்ங்க. விலக்குப் போட்டா பொறக்குற பிள்ளைக்கு விருத்தசேதனம் பண்ணக்கூட எவனும் வாசல் மிதிக்க மாட்டான்."

"நான் சட்டத்ததான் பாக்குறேன்."

"சட்டத்தையா, நாற்காலியையா?"



ஆவ் 12, செவ்வாய்

எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

ஏழு தலைவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "ரபி ஷெமாயா, நோன்பன்னிக்கு வாயில ஏதாவது போட்டீங்களா?" என்று பொத்தோன் கேட்டார்.

"போட்டேனே. ரெண்டு போரெக். நிசிமோட மாமியார் மூணாவது வெச்சாங்க, முடியல."

ஏழு பேரும் மூச்சை இழுத்தார்கள். என் நெஞ்சுக்குள் கல்யாண மேளம்.

"யாரு அனுமதியில?"

"ரபி எலியேசர் அனுமதியிலதான். பாடத்துல சொன்னாரே!"

எழுந்து நின்று ஒப்பித்தான். நோன்பு தன் சொந்த நாளிலிருந்து தள்ளிப்போயிருந்தால், விருத்தசேதன வீட்டுத் தகப்பனுக்கும், அதைச் செய்கிறவருக்கும், குழந்தையை மடியில் ஏந்துகிறவருக்கும் அன்று பண்டிகை. பிற்பகல் தொழுகையை முன்னதாக முடித்துவிட்டு அவர்கள் சாப்பிடலாம். வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது. என் இருமலை மட்டும் விட்டுவிட்டான்.

"அப்புறம் ரபி ஒரு வேடிக்கை சொன்னார். 'நம்ம ஜனத்துல மட்டும்தான்யா எட்டு நாள் பயல் சம்பாதிச்சுப் பெரியவங்களுக்குச் சோறு போடுறான்'னு."

ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் வேடிக்கைக்கு ஊர் சிரித்தது இதுதான் முதல் தடவை. அதுவும் அவன் குரலில்.

"ரபி எலியேசர், நீங்க சொன்னதுதானா?"

அந்தச் சலுகையைத் தங்கள் நூல்களில் மறுக்கிற பெரியவர்களும் உண்டு. அவர்களை ஒவ்வொருவராக இழுத்துவந்து, இருட்டுகிற வரை வாதாடி, அவனை மூழ்கடிக்க எனக்குத் தெரியும். வாயைத் திறந்தும்விட்டேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயந்து அல்ல. அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று, அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அதே ஆவலோடு.

"சொன்னேன்," என்றேன். "நான் நடத்துன பாடம்தான். போரெக் கண்ண மறைச்சிடுச்சு."

ஆவ் 14, வியாழன்

நாற்காலி அவனுக்கு. ஏழு பேரும் ஒரே மனதாக. ரெய்னா இன்று போரெக் செய்தாள். வேண்டுமென்றேதான்.

ஆவ் 28, வியாழன்

ஷெமாயாவுக்கு மகன் பிறந்திருக்கிறான். மாலையில் அவனே வீடு தேடி வந்து நின்றான். "மடியில நீங்கதான் ஏந்தணும், ரபி."

"ஏன், ஊர்ல வேற மடி இல்லியா?"

"இருக்கு. எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவர் மடி ஒண்ணுதான் இருக்கு."

இப்படியெல்லாம் பேசித்தான் நாற்காலி வாங்கினான்.

எலூல் 5, வியாழன்

ஏந்தினேன். தாடியைச் சீவிக்கொண்டுதான் போனேன். பயல் என் புது அங்கியை நனைத்தான், பொறுத்துக்கொண்டேன். கத்தி பட்டதும் வாயைத் திறந்தான் பாருங்கள் — பெண்கள் மாடம் முழுக்க அழுதது. ரெய்னாவின் அழுகையைத் தனியாகக் கண்டுபிடித்தேன்.

பாவிப் பயல். அப்படியே அப்பன் குரல்.