அடுப்புக் கணக்கு

1979 ஜூன் 11, திங்கள்
விடாத மழை. கிட்டங்கியில் சுக்கு மூட்டை எல்லாம் ஈரம், முதலாளி முகமும் அப்படியே. சாயங்காலம் தெருக் கமிட்டி வேலை. எங்கள் நாலு சந்துக்கும் ஒன்றாம் தேதியிலிருந்து குப்பை வண்டி. யார் எவ்வளவு தருவது என்று பட்டியல் போட வேண்டியது நான். கையெழுத்து நன்றாக இருப்பதற்குத் தண்டனை.
கடை, ஓட்டல், கிட்டங்கி — தகராறு இல்லை. வீடுதான் தகராறு. ஒரு வாசலுக்குள் ஆறு குடும்பம். தலைவர் வர்கீஸ் மாஷ், பள்ளிக்கூடத்தில் இருந்தவர், வழி சொன்னார்: "வாசல் எண்ண வேண்டா தாணு. அடுப்பை எண்ணு."
எண்ணப் போனேன். எல்லா வாசலிலும் ஒரே பதில், ஒரு அடுப்புதான். கொடியில் ஆறு வீட்டுத் துணி.

ஜூன் 13, புதன்
காலையில் கொஞ்சம் வெளிச்சம். பேச்சியம்மாளோடு நடந்தேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்தவள். பத்து வருஷமாக இந்தச் சந்துகளில் குப்பை எடுப்பவள். அடுப்புக் கணக்கு அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?
"நாலு சாம்பல் தனித்தனியா கொட்டிக் கெடக்கு. ஒரு அடுப்புன்னா சொல்லுதாக? எழுதிக்கிடுங்க அண்ணாச்சி, நாலு."
எழுதினேன். எந்த வீட்டில் பேப்பர், எங்கே குப்பி, எந்தக் கிட்டங்கியில் கிழிந்த சாக்கு, அதையும் சொன்னாள், கேட்காமலே. பெருமை அவளுக்கு. தோளில் கிடந்த கோணியைத் தட்டினாள்: "வீட்டுல குடுக்கது சாயாவுக்குத்தான் காணும். சோறு இதுல." பழைய சாமான் கடையில் போடுவாளாம். அதையும் எழுதினேன்.

ஜூன் 15, வெள்ளி
கமிட்டி கூடியது. மழையை விட சத்தம். அடுப்புக்கு இவ்வளவா என்று பெண்கள் மாடியிலிருந்தே கத்தினார்கள். வண்டிக் கான்ட்ராக்டர் இறங்கி வரவில்லை. எட்டு மணி ஆகியும் முடிவு இல்லை, பசி வேறு.
அப்போது நான் வாயைத் திறந்தேன். பேப்பர், குப்பி, சாக்கு எல்லாம் கான்ட்ராக்டருக்கே என்று எழுதிவிட்டால் ரேட்டைக் குறைப்பானே என்றேன். குறைத்தான். பாதிக்குப் பாதி.
மாஷ் முதுகில் தட்டி மெச்சினார். "கொள்ளாமே! நீ மிடுக்கன்தானடோ."
சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.
அந்தக் கோணி ஞாபகம் வீட்டுக்கு வந்தபின் வந்தது என்று எழுத ஆசை. அதுவும் பொய். பேசுவதற்கு முன்பே வந்தது.

ஜூன் 16, சனி
தூக்கம் சரியில்லை. சாரதாவிடம் சொன்னேன். தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "அவகிட்ட சொன்னீங்களா?"
இல்லை.
"பின்னே எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"
மாஷ் வீட்டுக்குப் போனேன். பேப்பர், குப்பி, சாக்கு கான்ட்ராக்டருக்கு என்ற அந்த ஒரு வரியை எடுத்துவிடலாமா?
"எடுத்தா ரேட் கூடும். நாளைக்கு அத்தனை பேரும் என் வாசல்ல நிப்பா. சொன்னது நீதானே?"
வண்டியில் அவளுக்கு வேலை? கான்ட்ராக்டர் பெண்களை எடுப்பதில்லையாம். குடையை அங்கேயே வைத்துவிட்டு நனைந்து வந்தேன்.

ஜூன் 18, திங்கள்
செய்ய வேண்டியவை: ரேஷன். மாஷ் வீட்டிலிருந்து குடை. சின்னவளுக்கு நோட்டு. பேச்சியம்மாளிடம் சொல்வது.
முதல் மூன்றும் ஆச்சு.
நாலாவது தானாகவே வாசலுக்கு வந்தது. முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணாச்சி, கமிட்டியில எம்பேரும் எழுதியாச்சா? வண்டி வேலைன்னு பழைய சாமான் கடைக்காரர்ட்ட சொல்லிட்டேன். நீங்க நோட்டுல எழுதுனீகள்லா, அதான்."
அன்றைக்கு எழுதியதை எல்லாம் வேலைக்கென்று நினைத்திருக்கிறாள். பார்க்கலாம் என்றேன். சாயா குடிக்கச் சொன்னேன், சாரதா போட்டாள். என்ன அண்ணாச்சி இன்னைக்கு விசேஷம் என்று கேட்டுக் குடித்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சீ, என்ன ஜென்மம் நான்.

ஜூன் 20, புதன்
தூறல். கிட்டங்கிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினேன். மலையாளத்தில், என் கையெழுத்து. வீடு வீடாக அடுப்பு, ரேட். கடைசி வரி, அந்த வரி.
பசை காயும் முன் பேச்சியம்மாள் வந்துவிட்டாள். "படிங்க அண்ணாச்சி." அவளுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது, மலையாளமும் வாசிக்கத் தெரியாது.
படித்தேன். ஓட்டல், கடை, கிட்டங்கி. வீடுகள் ஒவ்வொன்றாக. கடைசி வரிக்கு முன் நிறுத்தினேன்.
"அம்புட்டுத்தானா?"
"அவ்வளவுதான்."
விரலை மடக்கி மடக்கி யோசித்தாள். "மூலை வீட்டுல மூணுன்னீக. ரெண்டுதான் இப்பம். கிழவர் செத்த பொறவு மருமகா கூடத்தான் அந்தம்மா சாப்பிடுதா. பாவம், கூட வாங்கிராதீக அண்ணாச்சி."
பேனாவை எடுத்து மூன்றை இரண்டாக்கினேன். அதை மட்டும்.