விழுந்து கும்பிட்ட அகின்டே

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். குளியலறையில் விழுந்தபிறகு நீங்கள் கட்டிலைவிட்டு இறங்க மறுப்பதாகத் தம்பி சொன்னான். இடுப்பு நோ குறைந்ததா?

நான் வேலை செய்யும் மல்வேர்ன் முதியோர் இல்லத்தில் அகின்டே என்ற நைஜீரியர் இருக்கிறார். அவர்களின் யொரூபா மொழி நாடகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வேடம் கட்டியவர்களில் ஒருவர், லொறியில் ஊர் ஊராகப் போய் ஆடி, பிறகு படங்களிலும் நடித்தவர் என்றார் அவருடைய மகன். நான் நம்பவில்லை. ஆறு மாதமாக அவர் சிரித்ததே இல்லை.

நேற்று அவர், தொண்ணூற்றாறு வயதுத் தெய்வநாயகி அன்ரியின் முன்னால் குப்புறக் கிடந்தார். நான் பதறி அவசர மணியை அழுத்தினேன்.

"பிள்ளை, அவர் விழேல்லை. என்னைக் கும்பிடுறார்!" என்றார் அன்ரி.

மூத்தோரை யொரூபா ஆண்கள் அப்படித்தான் வணங்குவார்களாம். தாதிகள் ஓடிவந்தபோது கீழேயிருந்து குறட்டை கேட்டது. வணங்க விழுந்தவன் அப்படியே தூங்கிப்போவது அவருடைய பழைய மேடைப் பகிடியாம். அன்ரிக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

அகின்டேயைக் கைகொடுத்துத் தூக்கினேன். "விழ எல்லாருக்கும் தெரியும். எழும்பும்போதுதான் சனம் கைதட்டும்" என்றார்.

அப்பா, உங்களுக்குச் சப்பாத்து வாங்கப்போகிறேன். கடைக்குப் போய் எனக்கு மட்டுமே வாங்கி அலுத்துவிட்டது. தாளில் பாதத்தை வைத்து, அதைச் சுற்றி வரையும்படி தம்பியிடம் சொல்லுங்கள். படுத்திருந்தால் அளவு பிழையாகிவிடும். நீங்கள் எழும்பி நின்றால்தான் சரியாக வரும்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

மகள்,
யோகமலர்