பதினோராயிரம் வோல்ட்டுக்கு எவ்வளவு பிரீமியம்

ஜூன் 23, 2025, திங்கள்

வயர் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக இதன் மேல் என் மனைவி லூர்துராணி தோசைக்கல்லை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இன்று மீட்டுவிட்டேன். பாலக்கரை அற்புதசாமியாகிய நான், வயது ஐம்பத்தாறு, அற்புதம் எலக்ட்ரிகல்ஸின் நிறுவனர், திருச்சி ஜில்லாவில் பாதி வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தவன் (மீதிப் பாதி கூப்பிடவில்லை), இந்த டைரியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இனி இதில் எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

ஸ்ரீரங்கத்தில் லக்ஷ்மணன் சாருக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முப்பது வருஷத்து வயரிங். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அந்த ஒரு மாதத்துக்குள் பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஓட்ட வேண்டும். ஆவணி முதல் கல்யாணத்துக்கு விளக்கு எரிய வேண்டும். வேலை எனக்குத்தானாம். வருஷா வருஷம் பராமரிப்பும் எனக்கே. என் வாழ்க்கையிலேயே பெரிய வேலை. இதற்கு முன் இதே வாக்கியத்தைச் சொன்ன பதினேழு வேலைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஜூன் 24

முழு சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. காலையில் லக்ஷ்மணன் சார் கூப்பிட்டார்.

"அற்புதம், லைசென்ஸ் காப்பி வேணும். ஆளுங்களுக்கு இன்ஷூரன்ஸ் வேணும். உங்களால மண்டபத்துக்கோ வர்ற ஜனங்களுக்கோ சேதம் வந்தா அதுக்கும் ஒரு இன்ஷூரன்ஸ் வேணும்."

"சார், முப்பது வருஷமா நான் தொட்ட வயர் ஒண்ணும் யாரையும் கடிச்சதில்ல."

"பெருமாள் காப்பாத்துவார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா லோன் குடுத்த பாங்க்காரன் பெருமாள் கையெழுத்த ஒத்துக்கமாட்டேங்கறான்."

ஆடி பிறப்பதற்குள், அதாவது ஜூலை பதினாறுக்குள், பாலிசி அவர் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கே.கே. நகரில் ஒருவர் எல்லாப் பேப்பரோடும் தயாராக இருக்கிறாராம். அந்த ஆளுக்கு ஹோல்டர் மாட்டக் கற்றுக்கொடுத்தது யார்? நான் இல்லை. ஆனால் நானாக இருந்திருக்கலாம்.

ஜூன் 26

என் அக்கா மகள் பெலிண்டா இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். குடும்பத்தில் எல்லோரும் அவள் போனை எடுக்கப் பயப்படுவார்கள். இன்று நானே கூப்பிட்டேன். அவளுக்கு அழுகையே வந்திருக்கும்.

வந்து உட்கார்ந்து விளக்கினாள். என் ஆட்கள் அழகிரி, பிராங்க்ளின், ஆசீர் மூவருக்கும் வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்க ஒரு பாலிசி. வெளியாட்களுக்கும் அவர்கள் பொருளுக்கும் சேதம் வந்தால் அதற்கு இன்னொன்று. ஆட்களின் சம்பளம், எவ்வளவு உயரத்தில் வேலை, எவ்வளவு வோல்ட் என்று பார்த்துப் பிரீமியம் போடுவார்களாம். இரண்டும் சேர்த்து இருபதாயிரம் சொச்சம் வரலாம் என்றாள்.

"எனக்கு ஷாக் அடிச்சா?"

"முதலாளி இதுல வரமாட்டாரு மாமா. உங்களுக்குத் தனியா பெர்சனல் ஆக்சிடென்ட் போடணும்."

முதலாளியாக இருப்பதற்கு வாழ்க்கையில் முதல்முறையாக வருந்தினேன்.

ஜூன் 30, திங்கள்

கிளை அலுவலகம். ஜீனத் மேடம் என்று ஓர் அதிகாரி. மெல்லிய குரல், மெல்லிய பேனா. "உங்க தொழிலப் பத்திச் சொல்லுங்க சார்" என்றார்.

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்கலாமா?

இந்தத் தொழிலில் ஆள் குறைவு என்று சொன்னால் வேலை வராது. ஆகவே ஆள் நாற்பது என்றேன். உயரம் கேட்டார். ராஜகோபுரத்து உச்சியில் ஒற்றைக் காலில் நின்று சீரியல் பல்பு கட்டியிருக்கிறேன் என்றேன். வோல்ட் கேட்டார். உப்பிலியபுரம் பக்கம் ஒரு மழைக்காலத்தில் பதினோராயிரம் வோல்ட் லைனை வெறுங்கையால் பிடித்ததையும், மயக்கம் போட்டது நான் அல்ல, கரண்ட்தான் என்பதையும், அந்த மலையடிவாரமே அன்று இரண்டு மணி நேரம் இருட்டில் இருந்ததையும் சொன்னேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என்ன மரியாதை. இவ்வளவு கவனமாக என் பேச்சை யாரும் கேட்டதே இல்லை. பக்கத்தில் பெலிண்டா என் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள். இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தேன்.

ஜூலை 3

பிரீமியம் ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரம். ஜிஎஸ்டி தனி.

போனில் பெலிண்டா: "கோபுரத்துக்கு எவ்வளவு, பதினோராயிரத்துக்கு எவ்வளவுன்னு தனித்தனியா போட்டிருக்காங்க மாமா. நாப்பது பேருக்கும் சம்பள ரிஜிஸ்டர் வேற கேக்குறாங்க."

"கரண்ட் மயங்குனதுக்கு?"

"அதுக்கு ஃப்ரீ."

ஜூலை 4

லூர்துராணி சிரித்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் வரைக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வீட்டில் கோர்ட் கூடியது. நான் சொன்னதெல்லாம் தவறு என்று கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தால் மறுபடி பிரீமியம் கணக்குப் போடுவார்களாம். பெலிண்டா எழுத, நான் சொல்ல வேண்டும். சாட்சிகள்: என் மனைவி லூர்துராணி, என்னிடம் இருபது வருஷமாக வேலை பார்க்கும் அழகிரி.

"ஆள் எத்தனை?" என்றாள் பெலிண்டா.

"சுமார்..."

"மூணு" என்றாள் லூர்துராணி. "அதுலயும் ஆசீர் திங்கக்கிழமை வரமாட்டான்."

"அதிகபட்ச உயரம்?"

"பதினாறு அடி ஏணிம்மா" என்றான் அழகிரி. "அண்ணன் அதுலயும் நாலாவது படிக்கு மேல ஏறமாட்டாரு. தல சுத்துது, நீ ஏறுன்னுடுவாரு."

"பதினோராயிரம் வோல்ட்?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"வீடு, கடை, மண்டபம். நானூத்திப் பதினஞ்சுக்கு மேல போனதில்ல" என்றேன்.

"சத்தமா மாமா."

"நானூத்திப் பதினஞ்சு."

மொத்தம் பதினொரு பொய். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, அடியில் கையெழுத்து. மாமன்னர்கள் பட்டம் துறந்த பத்திரங்கள் இதைவிடக் கௌரவமாக இருந்திருக்கும். லூர்துராணி அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். "தேவைப்படும்" என்றாள்.

ஜூலை 8

ஜீனத் மேடம் கடையை நேரில் பார்க்க வந்தார். எட்டுக்குப் பத்து அறை. ஏணி, கையுறை, டெஸ்டர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். சம்பள நோட்டைப் பார்த்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு படிவத்தில் எட்டாவது கேள்வி: கடந்த ஐந்து ஆண்டுகளில் வேலையாட்களுக்கு விபத்து உண்டா, விவரம்.

அழகிரி வயர் சுருளைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். அவன் வலது மணிக்கட்டு அவ்வளவாகத் திரும்பாது. ஸ்க்ரூ டிரைவரை இடது கையால்தான் திருகுவான். மேடம் அதைப் பார்த்துவிட்டார்.

உடனே என் வாய் வேலையைத் தொடங்கிவிட்டது. இரண்டு வருஷம் முன்னால் திருவானைக்காவலில் ஒரு வீடு. அழகிரி ஏணி மேலே. முந்நூறு குரங்குகள் ஜன்னல் வழியாக அணிவகுத்து வந்தன. தலைவன் குரங்கு ஏணியைப் பிடித்து உலுக்கியது. அழகிரி பயந்து குதித்தான், மணிக்கட்டு முறிந்தது. ஊருக்கே தெரிந்த கதை. நான்தான் தெரிய வைத்தேன்.

மேடம் எழுதவில்லை. பேனாவை மூடினார்.

"போன வாரம் நாப்பது ஆள் இருந்தாங்க, இப்ப மூணு ஆயிட்டாங்க. குரங்கையும் ஒரு தடவ எண்ணிப் பார்த்துட்டுச் சொல்லுங்க சார்."

எட்டாவது கட்டம் காலியாகவே போயிற்று.

ஜூலை 9

பெலிண்டா இன்று சிரிக்கவில்லை.

"அழகிரி அண்ணன் நாளைக்கு மண்டபத்துல விழுந்தாருன்னு வைங்க. கம்பெனிக்காரன் பழைய விபத்த விசாரிப்பான். நீங்க மறைச்சீங்கன்னு தெரிஞ்சா மொத்த பாலிசியும் செல்லாதுன்னு சொல்லலாம். உங்க குரங்கால அவருக்கு ஒத்தக் காசு வராது."

"உண்மையச் சொன்னா பிரீமியம் ஏறுமா?"

"கொஞ்சம் ஏறலாம். எடுக்கமாட்டோம்னும் சொல்லலாம். அது அவங்க இஷ்டம்."

சொன்னால் மண்டப வேலை கைவிட்டுப் போகலாம். சொல்லாவிட்டால் அழகிரி. இப்படியும் ஒரு கேள்வித்தாளா?

ஜூலை 11

எழுத ஒன்றுமில்லை. இதைச் சொன்னால் லூர்துராணி டாக்டரைக் கூப்பிடுவாள்.

ஜூலை 13, ஞாயிறு

பஸ் ஏறித் திருவானைக்காவல் போனேன். அழகிரி வீடு. அவன் மனைவி காளியாயி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளாகவே ஆரம்பித்தாள்.

"வாங்கண்ணே. ஏதோ மண்டபம்னு சொன்னாரு. இவர ரொம்ப மேல ஏத்தாதீங்க. குரங்கப் பாத்தா குதிக்கிற ஆளு. எங்க தெருவுல சின்னப் பிள்ளைங்ககூட இவர் முன்னாடி கொரங்கு மாதிரி கத்திட்டு ஓடுதுங்க."

அழகிரி சிரித்தான்.

இவளுக்கே தெரியாதா? அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லையா? நான் பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், கல்லறைத் திருநாளில், எங்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். அத்தனை இடத்திலும் இவன் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

உட்கார்ந்தேன். சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வரவில்லை.

காளியாயி மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். புருஷனிடம் திரும்பினாள்.

"ரெண்டு வருஷமா உன்னைய நான் பேசாத பேச்சு இல்ல. வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே."

"அண்ணன் கதை நல்லா இருந்துச்சு" என்றான் அழகிரி.

பிறகு எனக்கு டீ கொடுத்தாள். சர்க்கரை இல்லை. மறந்தாளா, தீர்ப்பா, தெரியவில்லை. முழுவதும் குடித்தேன்.

ஜூலை 14

எட்டாவது கேள்விக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தேன். ஜீனத் மேடம் இரண்டு தடவை படித்தார். "இதுல குரங்கு இல்லையே சார்" என்றார். இல்லை என்றேன்.

ஜூலை 15

பதில் வரவில்லை. லக்ஷ்மணன் சார் மூன்று தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை, கே.கே. நகர்காரர் மண்டபத்தை அளந்து பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். லூர்துராணி அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டிருக்கிறாள். நான் ஒரு வண்டி மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறேன். அந்தோனியார் என்னை அறிவார், ஒரு பாக்கெட் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஜூலை 16, புதன்

வந்துவிட்டது.

இருபத்து நாலாயிரத்து முந்நூறு. அதில் ஆயிரத்து எண்ணூறு பழைய விபத்துக்காக. கூடவே ஒரு நிபந்தனை: வேலை நடக்கும்போது மெயின் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட வேண்டும். சாவி கீழே நிற்பவரிடம் இருக்கக் கூடாது, ஏணி மேலே இருப்பவரிடம்தான் இருக்க வேண்டும்.

நான் சொன்ன கதைகளிலேயே சரியான விலை கிடைத்தது அந்த நாலு வரிக்குத்தான். பாலிசியை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பறந்தேன் (25-ஆம் நம்பர் ஷேர் ஆட்டோ). லக்ஷ்மணன் சார் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "பழைய விபத்துன்னு போட்டிருக்கே?" என்றார். ஆமாம் சார் என்றேன். "கே.கே. நகர்காரன் பேப்பர்ல முப்பது வருஷத்துல ஒரு கீறல்கூட இல்ல. எனக்கு அதுதான் இடிச்சுது" என்று கையெழுத்துப் போட்டார்.

எனக்குத் தனியாகப் பெர்சனல் ஆக்சிடென்டும் போட்டாயிற்று. வாரிசு லூர்துராணி. படிவத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க நாலாவது படிக்கு மேல ஏறாதீங்க, எனக்கு இது வேணாம்" என்றாள். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில் அவள் சொன்ன காதல் வசனம் இது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடமில்லை. வேலைக்கு லீவு. இதுவரை மண்டபத்தில் ஓட்டிய வயரை நீட்டினால் டெல்லி வரை போகும். சரி, சமயபுரம் வரை.

ஆகஸ்ட் 20, புதன்

முதல் கல்யாணம். பெண் வீட்டார் மண்டபம் ஜொலிக்கிறது என்றார்கள். பத்தாயிரம் விளக்கு என்றேன். அறுநூற்று இருபது. காளியாயியும் வந்திருந்தாள். பாயசம் பரிமாறியவனைக் கூப்பிட்டு என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னாள்.

மேடை விளக்கு ஒன்று கண்ணடித்தது. அழகிரி மெயினை அணைத்துப் பூட்டினான், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினான். ஐந்து நிமிஷம் நான் கீழே கைகட்டி நின்றேன். இறங்கி வந்து, தானே பூட்டைத் திறந்து, "போடவாண்ணே?" என்று கேட்டான். போடு என்றேன்.

இந்த டைரியை யாராவது படித்தால் சொல்லிவிடுகிறேன். லூர்துராணி மத்தியானம் வரை சிரிக்கவில்லை, பத்து நிமிஷம்தான். பெலிண்டாவுக்கு அழுகை வரவில்லை. அழகிரி என்னிடம் இருப்பது பதினாறு வருஷம்தான். 25-ஆம் நம்பர் ஆட்டோ என்று ஒன்றே கிடையாது. எட்டாவது கேள்விக்கு எழுதிய நாலு வரி மட்டும் உண்மை. திருவானைக்காவலில் ஒரு குரங்குகூட வரவில்லை. வீட்டுக்கார அம்மாவுக்குப் புது விளக்கை எரியவிட்டுக் காட்டும் அவசரத்தில், ஏணி மேலே அழகிரி வயரிலிருந்து கையை எடுத்துவிட்டானா என்று பார்க்காமல் மெயினைப் போட்டவன் நான்.