ரோசா வந்து தங்கிய வாரம்

17-1-83, திங்கள்

கடும் பனி. பால் பூத் வரை போய் வருவதற்குள் விரல் மரத்துவிட்டது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களுக்கு இருமல்.

சாயங்காலம் ராகவன் சார் வந்தார். வளைகுடா கம்பெனியில் போன குளிர்காலத்தில் வாயு கசிந்து செத்தவர்களின் குடும்பங்களுக்காக டெல்லியில் அலைகிறவர் அவர்தான். ஞாயிறன்று இங்கே விசாரணை. பல நாட்டுத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்துகின்றன. கம்பெனி தன் வக்கீலையும் அனுப்புகிறதாம்.

கம்பெனி சொல்வது இன்னும் அதேதான்: ஷிப்ட் சூபர்வைசர் சேதுராமன் வால்வைத் தப்பாகத் திறந்தார், அவரால்தான் அத்தனை சாவும். சேதுராமன் என் கணவர். பதில் சொல்ல அவர் இல்லை.

"சாட்சி கிடைச்சிருக்கும்மா. கம்பெனி கிளினிக்ல நர்ஸா இருந்த பொண்ணு, பிலிப்பைன்ஸ். வேலையை உதறிட்டு வருது. தங்கறதுக்குத்தான் இடம் பாக்கணும்."

"இங்கயே இருக்கட்டும் சார்." வேறென்ன சொல்வது.

வாங்க: மண்ணெண்ணெய், முட்டை (அவளுக்கு), உமாவுக்கு சாக்ஸ்.

18-1-83, செவ்வாய்

வந்துவிட்டாள். ரோசா. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். குள்ளம், வட்ட முகம், அழகி என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதி. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். இங்கிலீஷில் பேசினோம். என்னுடையது ஸ்கூல் இங்கிலீஷ், அவளுடையது வேகம்.

சாப்பிடும்போது இன்னும் சாதம் வைக்கப் போனேன். தட்டின் மேல் கை நீட்டி, "கொஞ்சம் போல" என்றாள்.

தமிழில். இந்த வீட்டில் அப்படிச் சொல்கிறவர் ஒருவர்தான். அதே இழுவை, "போ"வில் அதே அழுத்தம்.

உமா கைகொட்டிச் சிரித்தாள். "அம்மா, ஆன்ட்டி அப்பா மாதிரியே போல்றாங்க!" ஹிந்தியைக் கலக்காதே, பேசறாங்க என்று சொல்லுடி என்று திருத்தினேன். குரல் உயர்ந்துவிட்டது போல. குழந்தை முகம் சுருங்கியது.

19-1-83, புதன்

வெயில் இல்லை. துணி காயவில்லை.

ரோசாவுக்குத் தெரிந்தவை: அவருக்குக் கத்திரிக்காய் பிடிக்காது. இடது முழங்காலில் வலி. தூக்கம் வராது. சின்ன வயசில் குடமுருட்டி ஆற்றில் முங்கிப் போக இருந்தது, அண்ணா முடியைப் பிடித்து இழுத்தது. கடைசிக் கதை எனக்கே தெரியாது. பன்னிரண்டு வருஷம் பெண்டாட்டி.

எனக்கு வந்த ஏரோகிராம்கள் எல்லாம் கால் பக்கம். சௌக்கியம், பணம் அனுப்பியிருக்கிறேன், இங்கே வெயில் அதிகம், உமாவைப் படிக்கச் சொல். அவருக்குப் பேச வராது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே உட்கார்ந்து ஆற்றில் முங்கிய கதை பேசியிருக்கிறார்.

ஸ்கூலிலிருந்து வந்தால் உமாவின் தலையை அவள் பின்னிக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மா வேறு படியில் நின்று, "படீ அச்சீ லட்கீ ஹை" என்கிறாள். ரொம்ப நல்ல பெண்ணாம். வந்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை.

20-1-83, வியாழன்

அவளைக் கூட்டிக்கொண்டு கமிட்டிக் கூட்டம். குடியரசு தின ஒத்திகை என்று பஸ்ஸை எங்கெங்கோ சுற்றவிட்டான். லேட்.

லாகூரிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். வெல்டராக இருந்த அவர் தம்பியும் அன்று செத்தான். விசாவுக்கு மாதக்கணக்கில் நடந்தாராம். நான் யார் என்று ராகவன் சார் சொன்னதும் எழுந்து நின்றார். உட்காரவே இல்லை. ஐரோப்பாவிலிருந்து துறைமுகத் தொழிலாளி ஒருவர், மலை மாதிரி ஆள். கம்பெனியின் தலைமை ஆபீஸ் அவர் ஊரில்தான். "சரக்கு எங்கள் கைக்குத்தானே வருகிறது" என்றார்.

பிறகு ரோசா, ஞாயிறன்று சொல்லப்போவதைச் சொன்னாள். நானும் அப்போதுதான் முழுசாகக் கேட்டேன்.

அன்று பொழுது சாயும்போது அவர் கண் எரிச்சலோடு கிளினிக்குக்கு வந்திருக்கிறார். அங்கிருந்தே மேனேஜருக்கு போன். குழாய் கசிகிறது, லைனை மூடுங்கள், ஆட்களை உள்ளே விடமாட்டேன் என்று. மேனேஜர் போட்ட கூச்சல் ரோசாவுக்கும் கேட்டது: கப்பல் காத்திருக்கிறது, வேலையைத் தொடங்கு, இல்லாவிட்டால் ஊருக்குப் போ. அபாய மணி அடிக்கடி அடிக்கிறது என்று அதற்கு முன்பே கழற்றிவிட்டிருந்தார்கள். அவர் திரும்பிப் போனது ஆட்களை வெளியே அனுப்ப. பாதிப் பேரை அனுப்பினார். மறுபடி அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். விடியும் வரை இருந்தார். ரோசா பக்கத்தில்.

எல்லோரும் அழுதார்கள். நானும். ஆனால் உள்ளே ஓடியது வேறு. அந்தக் கையை அவள் பிடித்திருந்தாள். அந்த நேரம் நான் கரோல் பாகில் ரஜாய்ப் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தேன்.

22-1-83, சனி

நேற்று எழுதவில்லை. அவளோடு பேசவும் இல்லை. தலைவலி என்று சொன்னேன்.

இன்று காலை, உமா எழுந்திருக்கும் முன், காபி கலக்கும்போது கேட்டுவிட்டேன். "அவருக்கும் உனக்கும் என்ன?"

டம்ளரைக் கீழே வைத்தாள். மறைக்கவில்லை. "எனக்கு அவரைப் பிடிக்கும். அது அவருக்குத் தெரியும். தெரிந்த பிறகு கொஞ்ச நாள் வரவில்லை. அப்புறம் வந்தார். டீ குடிப்பார், பேசுவார், போவார். அவ்வளவுதான். அவர் கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டேன். அவர் கேட்கவில்லை."

வராமலே இருந்திருக்கலாமே. தெரிந்த பிறகும் வந்தாரே. அவர் என்னை அடித்திருந்தால் கூடத் தேவலை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

மதியம் ராகவன் சார், முகம் சரியில்லை. "கம்பெனி வக்கீல் நாளைக்கு என்ன கேப்பார்னு தெரியுமாம்மா? இந்தப் பொண்ணுக்கும் சேதுவுக்கும் தொடுப்பு, அதனால பொய் சாட்சின்னு. நாலு பேர் எதிர்ல. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா அந்தப் பொண்ணு பேச வேண்டாம்னு விட்டுடலாம். நீங்க சொல்றதுதான்."

விட்டுவிட்டால்? எல்லோரையும் கொன்றவர் என்ற பெயர் அவருக்கு. உமாவுக்கும் அந்தப் பெயர்.

விட்டுவிடுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது, நிஜமாக.

"பேசட்டும் சார்."

23-1-83, ஞாயிறு

மண்டி ஹவுஸ் பக்கம் ஹால். நல்ல கூட்டம். பத்திரிகைக்காரர்கள். ரோசா என் சால்வையைப் போர்த்திக்கொண்டாள். அவளிடம் கம்பளி இல்லை.

நன்றாகத்தான் சொன்னாள், போன் விஷயம் எல்லாம். வக்கீல் எழுந்தார். மெதுவான பேச்சு.

"சூபர்வைசர் அறையில் போன் உண்டு. கிளினிக்குக்கு ஏன் வந்தார்?"

"தினமும் வருவார்."

"தினமுமா? எதற்கு?"

"டீ குடிக்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தான்.

"நீங்கள் இருவரும் நெருக்கமா?"

ரோசா திரும்பி என்னைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாம். எனக்குக் கொடுத்த பதிலை மாற்ற அவளுக்கு மனமில்லை, அதுவும் என் எதிரில். புரிந்தது. புரிந்ததும் இன்னும் கோபம்.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. இங்கிலீஷில் ஆரம்பித்தேன், வரவில்லை. தமிழில் பேசினேன், ராகவன் சார் மொழிபெயர்த்தார்.

"நான் சேதுராமனோட சம்சாரம். இந்தப் பொண்ணு என் வீட்டுலதான் தங்கியிருக்கா. அவர் எதுக்கு அங்க போனார்னு கேக்க வேண்டியவ நான். கேட்டாச்சு. பதிலும் வந்தாச்சு. அது எங்க வீட்டுச் சமாச்சாரம். லைனை மூடுங்கன்னு அவர் போன்ல சொன்னாரே, அதுக்கு உங்க மேனேஜர் என்ன பதில் சொன்னார்? அதை நீங்க சொல்லுங்க."

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். கேட்டுச் சொல்வதாகக் கூறி உட்கார்ந்தார். லாகூர்க்காரர்தான் முதலில் கை தட்டினார்.

உட்கார்ந்தேன். ரோசா என் தோளில் சாய்ந்தாள். நான் நகரவில்லை, அணைக்கவும் இல்லை.

25-1-83, செவ்வாய்

விசாரணைக் குழுவின் தீர்ப்பு இன்று பேப்பரில், சின்னதாக: எச்சரிக்கை கொடுக்கப்பட்டது, கம்பெனி மதிக்கவில்லை, சூபர்வைசர் மீது குற்றமில்லை. கோர்ட் தீர்ப்பு இல்லை இது, கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று ராகவன் சார் நினைவுபடுத்தினார். ஆனால் அந்த மலை மனிதரின் ஊரிலிருந்து தந்தி: கம்பெனி பொறுப்பேற்கும் வரை அதன் கப்பலில் சரக்கு இறக்க மாட்டார்களாம். முகம் தெரியாத ஆட்கள், அவருக்காக.

உமாவிடம் படித்துக் காட்டினேன். "அப்பா கல்தி பண்ணலேன்னு போட்டிருக்கா?" தப்பு என்று சொல்லு. ஆமாம்டி, பண்ணலை.

சாயங்காலம் பாலம் ஏர்போர்ட், ரோசாவை அவள் ஊருக்கு அனுப்ப. அவளுக்கு அங்கே வேலை இல்லை, இனி எந்தக் கம்பெனியும் கொடுக்காது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உமா கட்டிக்கொண்டு அழுதாள். சால்வையை ரோசாவே வைத்துக்கொள்ளட்டும் என்றேன், மனசாரத்தான்.

உள்ளே போகும் முன் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவருடைய போட்டோ ஒன்று, சின்னதாக இருந்தாலும் போதும், தன்னிடம் ஒன்றுகூட இல்லை என்று.

கைப்பையில் ஒன்று இருந்தது.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.