கிணறு வெட்டும் காசு

தம்பி,

பத்து மணிக்கு பிளம்பர் வருகிறார். கதவைத் திற, குளியலறைக் குழாயைக் காட்டு, கேட்ட கூலியைக் கொடு. வாயை மட்டும் திறக்காதே. போன தடவை, "இந்தக் காசுக்கு எங்க ஊர்ல கிணறே வெட்டிடலாம்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாய். மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரமாகச் சமையலறையிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து குளிக்கிறோம். இப்போது கூலியும் ஏறிவிட்டது. உன் சிக்கனத்தில் தீயை வைக்க.

சாப்பாட்டு டப்பா ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நேற்று நீ பாதி விலைக்கு அள்ளிவந்த காய்ந்த ரொட்டியின் தள்ளுபடிச் சீட்டை உரித்து டப்பாமேல் ஒட்டியிருக்கிறேன். அப்போதுதான் உனக்குத் தொண்டையில் இறங்கும்.

அக்கா

பி.கு.: இன்றைக்கும் அவர் கோபித்துக்கொண்டு போனால் எனக்கு போன் செய்யாதே. மலிவாக ஒரு டிக்கெட் பார்த்து ஊருக்குப் போய், அந்தக் கிணற்றிலேயே குளி.